ஆறு மணிக்குப் பூஜ்ஜியம்

என் மனைவியின் தம்பியை நான் முதல் நாளே நம்பவில்லை. கண் மருத்துவமனையில் என் பக்கத்து மேஜையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் என் தலைதானே உருளும்?

மறுநாள் யார் யாருக்கு அறுவை சிகிச்சை என்ற பட்டியலை அவன்தான் கணினியில் ஏற்றுவான். அவனுக்குத் தெரியாமல் ஒரு சின்ன ப்ரோக்ராம் செய்தேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த ஃபைலைத் திறந்து, எத்தனை பெயர் என்று எண்ணிச் சொல்லும். புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, என் பழைய ப்ரோக்ராம் ஒன்றையே எடுத்து ஒட்டுப்போட்டேன்.

முதல் நாள் பூஜ்ஜியம் என்று வந்தது. திறந்து பார்த்தால் ஃபைல் காலி. மறுநாளும் அதே கதை.

"அஞ்சே முக்காலுக்குக்கூட இருபத்திரெண்டு பேர் இருந்தாங்க மாமா," என்று முழித்தான்.

"அப்ப பேய் வந்து அழிச்சுதா?"

டாக்டர்களின் சீட்டுகளைப் பார்த்துப் பட்டியலைத் திரும்பத் தட்டினோம். மூன்றாம் நாள் நான் அருகே போனதும் சட்டென்று திரையை மூடினான். எனக்கு அது போதும். நேராக மேலாளரிடம் போய்ப் போட்டுக் கொடுத்தேன். இன்றும் காலியாக இருந்தால் அவனை வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மனைவியின் முகம் கண்முன் வந்தது. கண்டுகொள்ளவில்லை.

ஆறு மணிக்கு மூவரும் என் திரை முன் நின்றோம். சிவப்பில் ஒரு வரி வந்தது: இந்த ஃபைலில் எழுத அனுமதி இல்லை. கீழே, எழுத முயன்ற ப்ரோக்ராமின் பெயர். என் ப்ரோக்ராம்.

"பட்டியலை முடிச்சதும், படிக்க மட்டும்னு ஃபைலைப் பூட்டிட்டேன்," என்றான் மச்சான். "யார் அழிக்க வந்தாலும் மாட்டட்டும்னு. உங்ககிட்டகூட சொல்லல மாமா. உங்க மேலயும் சந்தேகம்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழைய ப்ரோக்ராம் தினசரி அறிக்கை எழுதுவதற்கானது. திறந்த உடனே ஃபைலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையே தொடங்கும். படிக்க மட்டும் திறக்கும்படி அதை மாற்ற மறந்திருக்கிறேன். நானே அழித்து, நானே எண்ணி, அவன் மேல் பழி போட்டிருக்கிறேன்.

"என்னோடதுதான் சார்," என்றேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப யாரை அனுப்பட்டும்?" என்றார் மேலாளர்.

நான் மச்சானைப் பார்த்தேன்.

"மாமாவை வீட்டுக்கு அனுப்புங்க சார்," என்றான் மச்சான். "அக்காகிட்ட அவரே சொல்லட்டும்."