அடைப்புக்குறிக்குள் அப்பா

ஒசாகா விமான நிலையத்தில் வரிசை நகர்வேனா என்றது. அயானோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கிலாந்தில், லீட்ஸ் மருத்துவமனையில் அப்பா கிடக்கிறார். இந்த வாரம் தாண்டுவதே சந்தேகம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, அங்கேயே இருக்கும் அண்ணன் நைஜல் போன் செய்தான்.

"எந்த பாஸ்போர்ட்டுல வர்ற?"

"ஜப்பான்தான். இங்கிலாந்து வர்றதுக்கான அனுமதிய போன்லயே வாங்கிட்டேண்ணா. அதுல வேற குடியுரிமை உண்டான்னு கேட்டான், இல்லைன்னு போட்டேன்."

"அடி லூசு! நீ லீட்ஸ்ல பொறந்தவடி. இன்னிக்கும் பிரிட்டிஷ்காரிதான்."

"அதான் இருபது வயசுல ஜப்பானே போதும்னு எழுதிக் குடுத்துட்டேனே?"

"அது ஜப்பான்காரன்கிட்ட. இங்க யார்கிட்ட சொன்ன? இப்ப ரூல் மாறிடுச்சு. பிரிட்டிஷ்காரின்னு தெரிஞ்சா, அந்த பாஸ்போர்ட் இல்லாம ஏத்த மாட்டாங்க. வாயத் தொறக்காம வந்து சேரு."

அயானோ போனை வைத்தாள். அன்று எழுதிக் கொடுத்த கையோடு வீட்டுக்கு வந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் கத்தரியால் இரண்டாக வெட்டிப் போட்டவள் அவள். யாரும் வெட்டச் சொல்லவில்லை. சட்டத்துக்கு அப்படியொரு நல்ல பிள்ளை! புதிதாக வாங்க வாரக்கணக்காகும். அதுவரை அப்பா இருப்பாரா?

கவுண்டரில் இருந்த பெண் தலை தாழ்த்தி வணங்கிவிட்டு பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். அம்மா வழிப் பெயர் சுகுதா. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஹோல்ராய்ட். குடும்பப் பதிவேட்டில் அப்பாவின் குடும்பப் பெயரைச் சேர்க்க இடமில்லை என்ற ஜப்பான் அதிகாரிகளிடம் மல்லுக்கட்டி, பாஸ்போர்ட்டிலாவது இருக்கட்டும் என்று அயானோ சேர்த்துக்கொண்ட பெயர். அதன் படத்தை அனுப்பியபோது அப்பா தெருவெல்லாம் காட்டிப் பெருமையடித்தாராம்.

"மன்னிக்கணும் மேடம். இந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது... உங்க அப்பா பேருங்களா?"

ஆமென்றால் பிரிட்டிஷ்காரி என்று தெரிந்துவிடும்.

"இல்லீங்க. என் வீட்டுக்காரர் பேரு."

"வேற நாட்டுக் குடியுரிமை ஏதும்...?"

"கிடையாதுங்க."

"சரிங்க. வீட்டுக்காரரோட ஊர்தானே, நல்லபடியா போயிட்டு வாங்க."

போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. சோதனையெல்லாம் தாண்டி உட்கார்ந்ததும் நைஜல் மறுபடி அழைத்தான்.

"விட்டுட்டாங்களா?"

"ம்."

"அப்பாடா! இங்க அப்பா இப்பத்தான் கண்ணு முழிச்சாரு. உன்னத்தான் கேக்குறாரு. காதுல வைக்கட்டா?"

அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனால் இப்போதுதான் அவர் பெயரை வேறொருவர் பெயராக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"வேணாண்ணா," என்றாள். "நேர்ல வந்து பேசிக்கிறேன்."