மே 7 என்ற கல்

பையைப் பார்த்ததும் அய்யாவு சிரித்துவிட்டார். "இது மே மாசம் இல்ல மிஸ். மேற்கு, ஏழாவது கல்லு. உலு லங்காட்ல அன்னிக்கு மழ ஊத்துச்சு. பசங்க எல்லாம் லோரிக்குள்ள ஏறிட்டாங்க, நாந்தான் எழுதுனேன். துணியில எடம் பத்தல லா."

நிலவியல் ஆய்வுக்கூடத்தின் ஓட்டுநர் அவர். சொல்லிவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போனார். மீனலோசனி கல் இருந்த அந்தத் துணிப்பையைப் பிடித்தபடியே நின்றாள்.

'மே 7' என்பதை அவள் தேதியாகத்தான் படித்திருந்தாள். மே மாதம் முழுவதும் குழு குவாந்தான் பக்கம் இருந்தது. ஆகவே கல்லும் கிழக்குக் கரையினுடையது என்று எடுத்துக்கொண்டாள். அதில்தான் அதிசயமே. பழங்கடலின் தரை நிலத்துக்கு அடியில் அமிழ்ந்தபோது உருகி எழுந்தவை கிழக்குக் கரைக் கருங்கற்கள். வயதிலும் பெரும்பாலும் மூத்தவை. இதுவோ இளையது. வெள்ளை மைக்கா மினுங்கியது, வெள்ளீயமும் கூடுதல். இரண்டு நிலத்துண்டுகள் மோதி, தடித்த மேலோடு உள்ளேயே வெந்து உருகினால் பிறக்கும் ஜாதி. மோதல் கிழக்குக் கரைவரை எட்டியது என்று அவள் எழுதிய கட்டுரை அச்சேறிவிட்டது. அதே கல்லை மேலும் ஆராய ஆஸ்திரேலியாவில் அவளுக்கு மேல்படிப்புக்கு இடமும் கிடைத்தது.

உலு லங்காட் இருக்கும் மேற்கு மலைத்தொடரிலோ இப்படிப்பட்ட கல் காலடியெல்லாம் கிடக்கும்.

வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் சீவரத்தினம் தெளிவாகவே சொல்லியிருந்தார்: படிக்கப் போனால் சரி, இல்லையென்றால் தை மாதம் கிள்ளான் மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பவர்.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் சண்முகரத்தினத்தின் அறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஜன்னலைச் சாத்தினார். கட்டுரையை இனித் திரும்பப் பெற்றால் ஆய்வுக்கூடத்தின் பெயரே போய்விடும், ஓட்டுநருக்கு இதன் பாரம் தெரியாது, தெரிந்தது நம் இருவருக்கும்தான் என்று மெல்லிய குரலில் விளக்கினார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டிய ஒப்புதல் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"அங்க போயும் இந்தக் கல்லக் கிழக்குன்னுதானே சார் எழுதணும்?"

"ஓம். முதல்ல போம் பிள்ளை. போகாட்டி என்ன செய்யப்போறீர், கிள்ளான்ல சமைக்கப் போறீரோ?"

அண்ணன் அவரிடமும் பேசியிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவைப் பார்த்தாள். அதற்கப்பால் பேருந்து, பேருந்துக்கப்பால் வீடு, வீட்டில் தை மாதம்.

பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள். 'கல் எடுத்த இடம்' என்பதற்கு எதிரே ஒரு கோடு காலியாக இருந்தது. அவர் விரலால் காட்ட, அதிலும் 'குவாந்தான்' என்று நிறுத்தி எழுதினாள்.

"அங்க நல்ல குளிர்," என்றார் பேராசிரியர், தாளை உறையிலிட்டபடி. "கம்பளி கொண்டுபோம்."