ரிவர்ஸில் ஓடிய பஸ்

பஸ்ஸைப் பின்பக்கமாகவே ஏழு மைல் ஓட்டி, வழியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மூன்று பஸ்களை முந்தியவர் உலகத்திலேயே அவளுடைய அப்பா ஒருவர்தான். கியர் ரிவர்ஸிலேயே சிக்கிக்கொண்டதாம். பயணிகள் எல்லோரும் இறங்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்களாம். ஓய்வு பெற்ற அந்த டிரைவரிடம் இதைக் கேட்காமல் தப்பித்த விருந்தாளி கிடையாது. "அது உங்கப்பா வாய் ஓட்டின பஸ்ஸு" என்று அம்மா சமையலறையிலிருந்தே ஒவ்வொரு முறையும் கதையைப் பஞ்சராக்குவாள்.

இப்போது அப்பா முன்னறையில், வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக் கிடந்தார். அமரர் ஊர்தி இன்னும் வரவில்லை. மகள் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்தாள். அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

நுரையீரல் புற்று மூளைக்கும் பரவியபோது, தலை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்கக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். "கட்டி சுருங்கும். ஞாபகம் கொஞ்சம் குறையலாம்" என்றிருந்தார் டாக்டர். எவ்வளவு குறைகிறது என்று அளக்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். சிகிச்சைக்கு முன் வைத்த சோதனையில் அப்பா ஐந்து வார்த்தைகளையும் திருப்பிச் சொல்லிவிட்டு, "ஆறாவது இருந்தா அதையும் குடுங்க" என்று கேட்டவர். சில மாதங்கள் கழித்து அதே மேசையில், அவர் வரைந்த கடிகாரத்தில் எண்களெல்லாம் ஒரே பக்கம் குவிந்தன.

"பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசலா இருக்கே" என்று அவரே சிரித்தார்.

"பரவால்ல ஐயா. இப்போ கொஞ்சம் முன்னாடி அஞ்சு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

நெடுநேரம் யோசித்தார். "குடை."

அந்த ஐந்தில் குடையே இல்லை.

"பச்சைக் குடை, டாக்டரம்மா. என் பஸ்ஸு ரிவர்ஸ்ல போச்சுல்ல, அப்போ கடைசி சீட்ல ஒரு பொண்ணு. குடைய நீட்டி நீட்டி வழி சொல்லிச்சு."

சோதனை வைத்த பெண் மகள் பக்கம் திரும்பினாள். "இது நடந்ததா?"

"பஸ் கதை பழசு. அம்மா பொய்யின்னுதான் சொல்வாங்க. ஆனா குடை... இதுவரைக்கும் சொன்னதே இல்ல."

"நினைவும் கற்பனையும் கலக்குது. சிலருக்கு இப்படி ஆகறதுண்டு" என்றாள் அவள், மெதுவாக.

அன்றிலிருந்து அப்பா குடையைப் பற்றி ஆரம்பித்தாலே மகள் பேச்சை மாற்றுவாள். அம்மா அறைக்குள் வந்தால் சட்டென்று நிறுத்திக்கொள்வார். அதுவும் நோயாகவே பட்டது. கட்டிலில் கிடப்பது அப்பாதானா, அப்பாவை அழித்துவிட்டு மிச்சம் வைத்த யாரோவா? கையெழுத்துப் போட்டது தன் கைதானே?

தெருவில் ஹாரன் கேட்டது. சந்து குறுகல், ஊர்தி பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். முதல் முயற்சியில் விளக்குக் கம்பத்தை உரசப் பார்த்தது. இரண்டாவதில் எதிர்வீட்டுச் சுவர்.

காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையாத அம்மா எழுந்தாள். தூறலுக்காகக் கதவில் மாட்டியிருந்த கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் நின்றாள். குடையை விரிக்கவில்லை. நீட்டினாள்.

"வாங்க... வாங்க... இடப்பக்கம் ஒடிங்க... இன்னும்... போதும்."

வண்டி வாசலில் அளவெடுத்தாற்போல் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "கரெக்டா சொல்றீங்களேம்மா. பழக்கமா?"

"ஒரே ஒரு தடவை."

மகள் படியிறங்கி வந்தாள். "அம்மா. அன்னிக்கு அந்தக் குடை என்ன நிறம்?"

குடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சொல்லிட்டாரா? என்னை இழுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். ஊரு சிரிக்கும்னு." பிறகு, "பச்சை."

"அப்புறம் ஏம்மா பொய்யி, பொய்யின்னே சொன்னே?"

"ஆமான்னு ஒரு தடவை சொன்னா போதும், மறுநாளே முப்பது பஸ்ஸ முந்தினேன்னுவார்."

ஊர்தியின் பின்கதவு திறந்தது. அம்மா ஓரமாக ஒதுங்கி நின்றாள். குடை இன்னும் இடப்பக்கம் காட்டியபடியே இருந்தது.

"நடந்தது நிஜந்தான். ஆனா முந்தினது ஒண்ணுதான். அதுவும் நின்னுட்டிருந்துச்சு."