அரை மணி முந்தி வந்தவள்

ஹால்வோர் ஐந்து வாரமாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மீன் பண்ணையில் படகு எஞ்சின் பார்க்கிற வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கா தூரிட்டின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு எழுபத்து மூன்று. புற்று எலும்புவரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்க மாட்டேன், ஜன்னலுக்கு வெளியே மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டுக் கடலைப் பார்த்தபடிதான் சாவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தாள். காலையும் மாலையும் நர்ஸ் வந்து வலி மருந்துப் பம்பைச் சரிபார்ப்பாள். மற்றதெல்லாம் அவன்தான்.

"இந்த மீன் சூப்ப மீனுக்கே ஊத்திப் பாரு. அது கூட மூஞ்சியத் திருப்பிக்கும்," என்பாள் தூரிட்.

"குடிக்கலன்னா போ. எனக்கு மிச்சம்."

ஒருநாள் காலை, பம்பின் அளவை நோட்டில் எழுதிக்கொண்டே தூங்கி விழுந்தவனை நர்ஸ் பிடித்து நிறுத்தினாள். "இப்படியே போனா அவங்களுக்கு முன்னாடி நீங்க படுத்துடுவீங்க. கூட உக்கார ஆள் அனுப்புறேன். ஓட்னின்னு ஒருத்தங்க. பஸ் ஓட்டி ரிட்டையரானவங்க. செவ்வாக்கிழம ரெண்டுலேர்ந்து அஞ்சு. காசு கெடையாது, மனசாரச் செய்றாங்க."

"என் அக்காவ நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாத்துக்கத்தான் சொல்றேன். அதுக்கு நீங்க உயிரோட இருக்கணும்."

முதல் செவ்வாய், ஒன்றரை மணி. சரளைக்கல்லில் டயர் அரைபட்டது. வெளிக்கதவு திறந்தது. பூட்ஸ் இரண்டு தட்டு தட்டியது. கோட் மாட்டும் கொக்கி கிணுக்கென்றது. ஹால்வோர் போய்ப் பார்த்தான். நடையில் யாருமில்லை. முற்றத்துப் பனியில் டயர் தடமும் இல்லை.

இரண்டு மணிக்கு அதே டயர், அதே கதவு, அதே இரண்டு தட்டு, அதே கிணுக். இந்தமுறை ஓட்னி நின்றாள். பருத்த, சிவந்த கன்னத்துக்காரி.

தூரிட்டுக்கு ஒரே சிரிப்பு. "எனக்கும் கேட்டுச்சுடா. சில பேருக்கு அப்படித்தான், ஆளுக்கு முன்னால அவங்க வரவு வந்துடும். பயப்படாதே, ஒண்ணும் பண்ணாது. காபி போட நேரம் குடுக்குது, அவ்வளவுதான்."

அடுத்த இரண்டு செவ்வாயும் ஒன்றரைக்குச் சத்தம் வந்தது. அவனும் காபிப் பானையை அடுப்பில் ஏற்றினான். ஓட்னி வந்ததும் படகுக் கொட்டகைக்குப் போய் அரை மணி உட்கார்ந்து வரவும் பழகினான்.

நான்காவது செவ்வாய்க்கு முந்தைய மூன்று நாளில் அவன் நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். அன்றைக்கும் டயர், கதவு, இரண்டு தட்டு. அதோடு ஈரக் கம்பளி வாசனையும் வந்தது. நடையிலிருந்து உள்ளே வரும் கதவு கையகலம் திறந்துகொண்டது. மணி பார்க்கும் புத்தியே அவனுக்கு வரவில்லை. "முழிச்சிதான் இருக்கா. காபி ஃபிளாஸ்க்ல இருக்கு!" என்று குரல் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பின்கதவு வழியே இறங்கிப் போனான். கொட்டகையில் படகுக்குள் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

கண் விழித்தபோது நான்கு தாண்டி, இருட்டு கவிந்திருந்தது. முற்றத்தில் கார் இல்லை. காலையில் நர்ஸ் வந்து போன தடத்தின்மேல் புதுப்பனி மூடிக் கிடந்தது. அதன்மேல் ஒரு கோடு கூட இல்லை. சமையலறை மேஜையில் அவன் விட்டுப்போன போனில், ஓட்னி ஏழுமுறை கூப்பிட்டிருந்தாள்.

போனைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

தூரிட் நிம்மதியாகப் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருக்கவில்லை. தலையணை மாற்றிப் போட்டிருந்தது. தன் கையை மார்புக்கு மேலே தூக்கக்கூட அவளால் முடியாது.

"மெதுவாடா. இப்பத்தான் போனாங்க."

"யாரு?"

"ஓட்னிதான். கோட்டக் கூட கழட்டல. கை என்னமா சில்லுனு இருந்துச்சு! ஒரு வார்த்த பேசல. நான்தான் பேசுனேன். உங்கிட்ட சொல்லாததெல்லாம் சொன்னேன்."

அவன் போனில் ஓட்னியைக் கூப்பிட்டான்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க," என்றாள் ஓட்னி. "மலை சரிஞ்சு விழுந்து ரோட்ட மூடிட்டாங்க. ஒரு மணிலேர்ந்து சுரங்கப்பாத வாசல்லயே நிக்கிறேன். ஹீட்டர் போடல, கை மரத்துப் போச்சு. நெனப்பெல்லாம் அங்கதான். நடுவுல கண்ணசந்துட்டேன் போல." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கலாமா? சிக்வார்ட்ங்கிறது யாரு?"

அவனுக்கு அப்படியொரு பெயரே தெரியாது. சத்தமாகத் திருப்பிச் சொன்னான். கட்டிலில் தூரிட் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவளாகவே சொன்னாள். அம்மா இறந்தபோது ஹால்வோருக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்து மூன்று. சிக்வார்ட் அவளைக் கட்டிக்கொண்டு வடக்கே போகக் கேட்டான். சின்னப் பையனை விட்டுவர முடியாதென்று அனுப்பிவிட்டாள்.

"ஏன் இத்தன வருஷம் சொல்லல?"

"சொன்னா அழுவே. இதோ, அழுவுற பாரு. எனக்கு வருத்தம் இல்லடா. ஒருதடவ யார்கிட்டயாவது சொல்லிப்புடணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

அக்காவைத் தனியாக விட்டுப் போனதை நர்ஸிடம் அவன் ஒப்புக்கொண்டான். நர்ஸ் திட்டவில்லை. "இது உங்க தப்பு மட்டும் இல்ல. தூக்கமே இல்லாத ஆளுக்கு வாரத்துல மூணு மணி நேரம் குடுத்தது எங்க தப்பு," என்றாள். அன்றிலிருந்து இரவில் ஒரு பணியாளும், வாரத்துக்கு மூன்று நாள் ஓட்னியும் வந்தார்கள். ஓட்னி வந்தால் ஹால்வோர் முதலில் அவள் கையைப் பிடித்துக் குலுக்குவான். கை வெதுவெதுப்பாக இருந்தால்தான் தூங்க மாடியேறுவான். அவளும் ஏனென்று கேட்டதில்லை.

இரண்டாம் வாரம், வியாழன் பிற்பகல், அவன் மாடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓட்னி வந்து தோளைத் தொட்டாள். "வாங்க. மூச்சு மாறிடுச்சு."

இருபது நிமிடம் அவன் அக்காவின் கையைப் பிடித்திருந்தான். மூச்சு நின்ற பிறகு ஓட்னி, உயிர் போக வழிவிடும் ஊர் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டு, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நர்ஸ் வரும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.