மாமனார் இல்லாத ஆண்டவர்

சோபாக்காரரைச் சிறைச்சாலைக்கு அனுப்பி வைத்ததே அவருடைய மாமனார்தான். மாமனார் சபையில் மூப்பர். கைதிகளைப் பார்த்து ஜெபிக்கும் குழுவுக்கு ஒருவரும் கை தூக்காததால், தானுண்டு தன் ஸ்டேப்ளர் உண்டு என்று பழைய சோபாக்களுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்த மருமகனின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை சிறையில் ஒரு திருடன் தன் கதையைச் சொன்னான். "வெள்ளி டப்பா சார். நகைன்னு தூக்கிட்டு ஓடினேன். திறந்தா ஒரு செட் பல்லு என்னைப் பாத்துச் சிரிக்குது!"

சோபாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பாதிச் சிரிப்பில்தான் அவை யாருடைய பற்கள் என்று உறைத்தது. தன் வீட்டில் நடந்த அந்தத் திருட்டில் டிவியும் போனதை மாமனார் எப்போதோ மன்னித்துவிட்டார். பொக்கை வாயோடு போலீசில் புகார் சொல்ல நேர்ந்ததை மட்டும் மன்னிக்கவில்லை. எழுதிக்கொண்டவர் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை கேட்டாராம்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி விடுதலை சார். வாசல்ல யாராவது நின்னா நல்லாருக்கும். எங்கண்ணன் வரமாட்டேன்னுட்டான்."

"நான் வரேன்" என்று சோபாக்காரர் வாக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கு மாமனாருக்கு எழுபது நிறைகிறது. ஸ்தோத்திர ஆராதனை, மதியம் விருந்து.

"வேற யாரையாவது அனுப்புங்க" என்றாள் மனைவி.

"வேற யாரும் இல்லம்மா."

"அப்பாவோட பல்லைத் திருடினவனுக்கு வரவேற்பா? நீங்க மனுஷனா?"

பத்தாம் தேதி காலை பட்டறையில், பிரித்துப்போட்ட ஸ்பிரிங்குகளுக்கு நடுவே அவர் முழங்கால் போட்டார். "ஆண்டவரே, அப்பா அம்மாவைவிட என்னை நேசின்னு சுலபமா சொல்லிட்டீர். உமக்கென்ன, உமக்கு மாமனார் கிடையாது." பதிலாக முழங்காலில் ஒரு ஸ்பிரிங் குத்தியதுதான் மிச்சம். எழுந்து வேனை எடுத்தார்.

பத்து மணிக்கு விடுவதாகச் சொன்னவனை ஒரு மணிக்குத்தான் விட்டார்கள். கைபேசியில் இருபத்துமூன்று அழைப்புகள் தவறியிருந்தன. அந்தப் பல் யாருடையது, இன்று என்ன நாள் என்பதைக் கேட்ட திருடன் வாயைப் பிளந்தான்.

"மாமனார் பிறந்தநாளை விட்டுட்டா வந்தீங்க? லூசா சார் நீங்க? நானே தனியா போயிருப்பேன்!"

வேனில் ஏறிக்கொண்டே, "அங்க சாப்பாடு மிச்சமிருக்குமா?" என்றான். "அப்படியே அவர்கிட்ட ஒரு மன்னிப்பும் கேட்டுடலாம்."

மாமனார் வீட்டு வாசலில் அவரே நின்றார். புதுப் பல், புதுச் சட்டை. "யாரு இது?"

"ஞாயித்துக்கிழமை நீங்க ஜெபத்துல 'சிறையில இருக்கறவங்க'ன்னு சொல்வீங்களே மாமா, அதுல ஒருத்தர். உங்க டப்பாவை எடுத்தவர்."

திருடன் கைகூப்பினான். "தப்புதான் ஐயா."

மாமனார் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் பின்வாசல் வழியாக மனைவி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இப்பச் சொல்லுங்க. அவனா, நாங்களா?"

"நீங்கதான்னு சொல்லத்தான் ஆசை. ஆனா என்னைக் கூப்பிட்ட ஆண்டவர் இவனைப் பாக்கச் சொல்றார். இன்னைக்கு நான் அவர் பக்கம்தான்."

அவள் உள்ளே போய்விட்டாள். இருவரும் வழியில் ஒரு கடையில் டீயும் பன்னும் சாப்பிட்டார்கள்.

திருடன் பட்டறையில் தங்கி வேலை பழகினான். ஸ்டேப்ளர் அடிப்பதில் சோபாக்காரரையே மிஞ்சினான். மாமனார் மருமகனோடு பேசுவதை நிறுத்தினார். தன் சாய்வு நாற்காலியை உறை மாற்ற வேறொரு கடையில் கொடுத்தார். அதில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை என்று கேள்வி. மனைவி இருபது நாள் பேசவில்லை. சமைத்தாள், தட்டை மட்டும் ஓசையோடு வைத்தாள். அந்த ஓசை சோபாக்காரருக்கு வலித்தது.

இருபத்தோராம் நாள் சனிக்கிழமை. அவர் சிறைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னைக்குப் பாக்கப் போறவன் யாரு வீட்டுல திருடினவன்?"

"தெரியாதும்மா."

"கேட்டுட்டு வாங்க. எங்க சித்தப்பா வீடா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. சண்டைக்கு நான் தயாராகணும்."