எந்தக் கை

என் வீட்டுக்காரரிடம் வழி கேட்டு உருப்படியாகப் போய்ச் சேர்ந்தவர் யாரும் கிடையாது. அவர் சலூன் வைத்திருக்கிறார். கண்ணாடியைப் பார்த்தபடியே காலமெல்லாம் நின்றதில், தெருவையும் அதற்குள்ளேயே பார்த்துப் பழகிவிட்டார். வாசலில் யாராவது வழி கேட்டால் திரும்பக்கூட மாட்டார். கத்தரிக்கோலைக் கண்ணாடிப் பக்கம் நீட்டி, "வலப்பக்கம் போங்க" என்பார். படியிறங்கித் தெருவைப் பார்த்து நிற்பவருக்கு அது இடப்பக்கம். என் தம்பி ஒருமுறை அவர் பேச்சைக் கேட்டுப் போய்க் கல்லறைத் தோட்டத்தில் நின்றான். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

எங்கள் மகள் படிக்கும் பள்ளிக்கூட வாசலில் மாத்திரை விற்கிறார்கள். தலைவலிக்கு இல்லை, பிள்ளைகள் போட்டுக்கொண்டு கண் சொருகிக் கிடக்கிற மாத்திரை. யாருடைய ஆட்கள் விற்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். அவனை எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுவார்கள். அது பயத்துக்குக் கொடுத்த மரியாதை. எனக்கு அவன் சின்னவன்தான். கணக்கு வாத்தியார் ஒருவர்தான் துணிந்து போலீசில் போய்ச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பியவரை, பட்டப்பகலில், எங்கள் கடைக்கு எதிரிலேயே ஹெல்மெட் போட்ட ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்துச் சாய்த்துவிட்டுப் போனான். வாத்தியார் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

போலீஸ் வந்து விசாரித்தபோது தெருவில் ஒருவருக்கும் கண் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் உள்ளே மருந்து தேடிக்கொண்டிருந்தாராம். பேக்கரி அக்கா அடுப்படியில் இருந்தாராம். என் வீட்டுக்காரர் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் பார்த்தேன் சார். முகம் தெரியலை. கம்பி இடது கையில இருந்துச்சு."

எனக்குப் பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் எங்கள் தெரு வெல்டரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் இடது கைக்காரர். பட்டறை முழுக்கக் கம்பி. பட்டறைச் சத்தத்தைப் பற்றி வாத்தியாரோடு ஒருமுறை வாய்த்தகராறும் நடந்திருக்கிறது. இதைவிடத் தோதான ஆள் போலீசுக்கு எங்கே கிடைப்பான்?

வெல்டரின் மனைவி என்னைத் தேடி வந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"அக்கா, அண்ணன் பொய் சொல்றவர் இல்ல. எங்க வீட்டுக்காரரும் அடிக்கிறவர் இல்ல. எங்கயோ ஏதோ தப்பா இருக்கு. அண்ணனை இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லுங்க."

அன்று மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வாசலில் ஒருவர் தபால் ஆபீசுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். இவர் வழக்கம்போலத் திரும்பாமலே, "வலப்பக்கம் போங்க" என்றார். எனக்குச் சுரீரென்றது. அடித்தவனையும் இந்தக் கண்ணாடிக்குள்தானே பார்த்திருப்பார்!

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். வெல்டர் உள்ளே இருக்கும்வரை சின்னவன் எங்களைச் சீண்ட மாட்டான். என் மகள் தினமும் அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆனால் வெல்டருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் அப்பா லாக்கப்பில் இருக்க, நான் எப்படிச் சோறு பரிமாறுவேன்? சொல்லிவிட்டேன்.

அவர் என் வலது கையில் குடையைக் கொடுத்துத் தெருவில் நிற்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தார். திரும்பி நேராகப் பார்த்தார். பிறகு வாடிக்கையாளர் நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பாவமும் அறியாதவனை உள்ள தள்ளிட்டேனே" என்றார்.

இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்குப் போய்க் கண்ணாடி விஷயத்தைச் சொன்னோம். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யார்யா மிரட்டினது? மாத்திச் சொன்னா பொய்ச் சாட்சின்னு உன்னையே உள்ள வைப்பேன்."

"வைங்க சார். அவரை வெளிய விட்டுடுங்க."

"அப்ப அடிச்சது யாரு? சின்னவரா?"

"முகத்தைப் பார்க்கலை சார். பார்க்காததைச் சொல்ல மாட்டேன். வலது கை. அதை எழுதிக்குங்க."

வேறு சாட்சி இல்லாததால் வெல்டரை விட்டுவிட்டார்கள். ஆனால் தெருவில் எங்களுக்குக் கிடைத்த பெயர் வேறு. "சின்னவர் ஒரு அதட்டல் போட்டிருப்பார், ஆள் பல்டி அடிச்சுட்டார்" என்று மருந்துக்கடைக்காரர் என் காதுபடவே சொன்னார். அன்றைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த மகராசன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயெடுத்தேன். இவர் வேண்டாமென்று தலையசைத்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத அந்த முகத்தைப் பார்த்து அடங்கிப்போனேன்.

அடுத்த நாள் மத்தியானம் சின்னவனே கடைக்கு வந்தான். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன். ஒரு பை நிறைய ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினான்.

"அண்ணே, இடதுன்னும் சொல்லிட்டீங்க, வலதுன்னும் சொல்லிட்டீங்க. இனிமே உங்க சாட்சியை எவன் மதிப்பான்? நீங்க நம்ம ஆளுன்னு தெரியாமப் போச்சே! குடுங்க கையை."

வலது கையை நீட்டினான். பேக்கரி அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரும், பட்டறையிலிருந்து வெல்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியை விட்டு முழுசாகத் திரும்பினார். நீட்டிய கையைத் தொடவில்லை. கொஞ்சநேரம் அதையே பார்த்தார். பிறகு அவனைவிடச் சத்தமாகக் கேட்டார்.

"தம்பி, வாத்தியாரை அடிச்சது இந்தக் கையா?"

கேள்விதான் கேட்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு என்ன பாடு படப்போகிறேனோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒட்டிப் போய் நின்றேன்.

சின்னவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வருவதற்குள் அவன் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதைத் தெருவே பார்த்தது. பார்க்கவில்லை என்று இந்தத் தடவை ஒருவராலும் சொல்ல முடியாது.