ஓடையில் தண்ணீர் உண்டா

எங்கள் மருமகள் தமிழ்மதி ஒரு கம்பைலர் எழுதினாள். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், நானும் முதலில் பயந்தவள்தான். ஒரு கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராமை வாங்கிக்கொண்டு, அதையே இன்னொரு மொழியில் எழுதித் தருமாம். ஃபாக்ஸ்ப்ரோவைக் கொடுத்தால் பைத்தானாக வரும். அவ்வளவுதான் சங்கதி.

ஃபாக்ஸ்ப்ரோ என் வீட்டுக்காரர் பெருமாள்சாமியின் மொழி. சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயிகள் சங்கத்தில் வேலை பார்த்தபோது தானே படித்து ஒரு புரோகிராம் எழுதினார். விடிகாலையில் சங்கத்து வேன் எந்த ஊருக்கு எப்போது வரும், யார் பூக்கூடையோடு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அவரவர் செல்போனுக்குச் சேதி அனுப்பிவிடும். ரிட்டயரான பிறகும் வீட்டில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. பழைய கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. புதியதில் அந்தப் புரோகிராம் ஓடாது. சங்கத் தலைவி மணிமேகலை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, கோயமுத்தூர்க் கம்பெனிக்காரன் செல்போன்ல ஓடுற ஒரு ஆப்பு தாரேங்கிறான். ஒங்க புரோகிராமுக்கு ஒரு மாசம் டயம். புது மெசின்ல பிசகில்லாம ஓடுச்சுன்னா அதுவே இருக்கட்டும். இல்லேன்னா என்னைய வையக் கூடாது."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தமிழ்மதிதான், "குடுங்க மாமா, நான் மாத்தித் தாரேன்" என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

அந்தக் கம்பைலர் வெறுமனே மாற்றுவதில்லை. எந்தக் காலத்திலும் ஓடாத பகுதி உள்ளே கிடந்தால் அதையும் கண்டுபிடித்துச் சொல்லும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு மற்றதை எழுதும்.

"மாமா, இங்க பாருங்க. 'ஓடையில் தண்ணீர் உண்டா'ன்னு ஒரு எடம் வருது. பதிலையும் நீங்களே 'இல்லை'ன்னு எழுதி வச்சிருக்கீக. அதனால அதுக்குக் கீழ உள்ள அம்புட்டும் ஓடவே ஓடாதுங்குது. என்னது இது?"

அவர் சிரித்தார். "அதுவாத்தா! ஓடையில தண்ணி போனா வேனு தாண்டாதுல்ல, அப்ப சுத்துவழி. எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்கன்னு சேதி போகும். மொதல்ல தெனமும் கேக்குற மாதிரித்தான் எழுதுனேன். தெனமும் 'இல்லை'ய அமுக்கி அமுக்கிச் சங்கத்துல சலிச்சுப்போயிட்டாக. சரின்னு நானே 'இல்லை'ன்னு போட்டுட்டேன்."

"வச்சிருக்கவா, எடுத்துரவா?"

"ஓடைக்குள்ள பயலுக கிரிக்கெட்டு வெளையாடுறாங்ய. அங்கிட்டு எங்க தண்ணி வரப்போகுது? எடுத்துரு."

"இருந்துட்டுப் போகட்டுமே மாமா."

"எடுத்துரும்மா. கெழட்டுப் புரோகிராமு, கொஞ்சம் எளைக்கட்டும்."

"எழுதுனவரு மட்டும் எளைக்க மாட்டாரு" என்றேன் நான். மூன்று பேரும் சிரித்தோம்.

புதிய கம்ப்யூட்டரில் தண்ணீராக ஓடியது. மணிமேகலை ஒரு கூடை மல்லிகை கொண்டுவந்து, "கம்பெனிக்காரன வேற எடம் பாக்கச் சொல்லிரலாம் போல" என்றாள். அவர் அன்று வெஞ்சனத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்போது ஐப்பசி. மணிமேகலை கொடுத்த ஒரு மாதம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள். நாங்கள் இருக்கிற திண்டுக்கல்லில் தூறல்கூட இல்லை. ஓடை இறங்கி வருகிற சிறுமலையில் மட்டும் கொட்டியிருக்கிறது. விடியும்போது வேன் டிரைவர் ஸ்டீபன்ராஜ் போன் செய்தான்.

"அய்யா, ஓடை கரை பொரண்டு போகுதுய்யா! சுத்துவழியப் போட்டு விடுங்க. சனங்களுக்குச் சேதி போயிரட்டும்."

அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். புரோகிராமை மேலும் கீழும் தேடினார். "'உண்டு'ன்னு மாத்த எடமே இல்லையேம்மா" என்றார் மருமகளைப் பார்த்து.

"பழசுல இருக்கு மாமா. செத்த நேரம், மறுபடி மாத்திருறேன்."

அவள் பழையதை எடுத்து மறுபடி மாற்றினாள். இடையில் சங்கத்தில் சேர்ந்த புது ஆட்களின் விவரம் பழையதில் இல்லை; அதையும் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். பாதிப் பேர் எடுக்கவில்லை. விடியுமுன் வந்த சேதியை நம்பி, வழக்கமான இடத்திலேயே கூடையோடு நின்றிருக்கிறார்கள். வேன் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் காலியாக நின்றது. புது சேதி போனபோது நல்ல வெயில். பூ வந்து சேர்வதற்குள் மாலை கட்டுகிறவர்கள் வேறு ஊர்ப் பூவை வாங்கி முடித்துவிட்டார்கள்.

மணிமேகலை வந்தாள். வையவில்லை. வைதிருந்தால்கூட எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சங்கத்துல எல்லாரும் ஆப்புக்குக் கை தூக்கிட்டாகண்ணே."

"அந்த ஆப்புல ஓடை இருக்காத்தா?"

"கேக்கலியேண்ணே" என்றாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"நான் எடுத்திருக்கக் கூடாது மாமா" என்று தமிழ்மதி அழுதாள்.

"நீ கேட்ட. ஒன் கம்பைலரும் கேட்டுச்சு. நான்தான எடுக்கச் சொன்னேன்."

இப்போது அவளுடைய கம்பைலர் எதையும் விடுவதில்லை. ஓடாததையும் அப்படியே எழுதித் தருகிறது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நல்லாருக்கும்மா" என்றார், எழுந்து வந்து பார்க்கவில்லை.

ஓடை மறுபடி காய்ந்துவிட்டது, பயல்கள் ஸ்டம்பு நட்டுவிட்டார்கள். வேன் ஆப்பு சொல்கிற வழியில் போகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் தினமும் விடிவதற்கு முன் எழுந்து போனை எடுக்கிறார்.

"தம்பி, ஓடையில தண்ணி உண்டா?"

"இல்லைங்கய்யா."

ஸ்டீபன்ராஜுக்கு இன்னும் சலிக்கவில்லை.